செல்லாப் பக்கங்களின் கணக்கு: திண்மநிலைச் சேமிப்பகங்களில் தரவு மேலாண்மை

கணினிச் சேமிப்பகம் என்றாலே சுழலும் காந்தத் தட்டு என்றிருந்த காலத்தில் வகுக்கப்பட்ட ஒரு நடைமுறை, தட்டும் சுழற்சியும் இல்லாத சாதனங்கள் வந்த பின்னும் பெரிதாக மாறாமல் நீடிக்கிறது. அந்நடைமுறையின்படி இயங்குதளத்தின் கண்ணுக்குச் சேமிப்பகம் என்பது எண்ணிட்ட சிறு கட்டங்களின் நீண்ட வரிசை. எந்தக் கட்டத்தையும் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், எந்தக் கட்டத்தின் மேலும் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். திண்மநிலைச் சேமிப்பகம், அதாவது கடைகளில் எஸ்எஸ்டி என்று கேட்டு வாங்கப்படும் சாதனம், இவ்விரண்டில் முதலாவதை மட்டுமே இயல்பாகச் செய்யவல்லது. இரண்டாவதை அது செய்வதுபோல் நடிக்கிறது. அந்த நடிப்புக்கு ஆகும் செலவையும், அதைக் குறைக்க முப்பதாண்டுகளாக நடந்துவரும் முயற்சிகளையும் எடுத்துரைப்பதே இச்சொற்பொழிவின் நோக்கம். முயற்சிகள் பலவாயினும் அவை சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கின்றன: எழுதப்படும் ஒரு தரவு எப்போது செல்லாததாகும் என்பதை அறிந்தவர் யார், அறிந்தவர் அதை எழுதும் சாதனத்துக்குச் சொல்கிறாரா?

இச்சாதனங்களின் அடித்தளமான மிதவை வாயில் டிரான்சிஸ்டரை 1967-ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சே ஆகிய இருவரும் முன்மொழிந்தனர். மின்கடத்தாப் பொருளால் சுற்றிலும் மூடப்பட்ட ஒரு சிறு கடத்தித் தீவில் எலெக்ட்ரான்களைச் சிறைவைத்தால், மின்சாரம் நின்ற பிறகும் அவை அங்கேயே தங்கியிருக்கும் என்பதும், அவற்றின் இருப்பைக் கொண்டு ஒன்று, சுழியம் என்ற இரு நிலைகளைக் குறிக்கலாம் என்பதும் அதன் கருத்து. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணிபுரிந்த ஃபுஜியோ மசுவோகா இதே அடிப்படையில் ஃபிளாஷ் நினைவகத்தை 1984-இலும், அதன் நான்ட் என்னும் வகையை 1987-இலும் அறிஞர் மன்றத்தில் அறிவித்தார். பெரும்பரப்பு முழுவதும் ஒரே நொடியில் அழிந்துபோவது ஒளிப்படக் கருவியின் மின்னல் விளக்கை நினைவூட்டியதால், அவருடைய சக பணியாளர் ஷோஜி அரிசுமி அதற்கு ஃபிளாஷ் என்று பெயரிட்டதாகச் சொல்லப்படுகிறது. எழுதும் முறையையோ படிக்கும் முறையையோ வைத்து அமையாமல், அழிக்கும் முறையை வைத்தே பெயர் அமைந்தது பொருத்தமே. ஏனெனில் இந்நினைவகத்தின் தொல்லைகள் அத்தனையும் அழிப்பிலிருந்தே தொடங்குகின்றன.

நான்ட் ஃபிளாஷில் எழுதுவதற்கும் படிப்பதற்குமான அலகு பக்கம் எனப்படும். இன்றைய சில்லுகளில் ஒரு பக்கம் பெரும்பாலும் 16 கிலோபைட் கொள்ளும். நூற்றுக்கணக்கான, சில வகைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் சேர்ந்தது ஒரு தொகுதி. பக்கம் பக்கமாக எழுதலாம், ஆனால் பக்கம் பக்கமாக அழிக்க முடியாது. அழிப்பது என்றால் முழுத் தொகுதியையும் சேர்த்துத்தான் அழித்தாக வேண்டும். எழுதிய பக்கத்தின் மேல் மீண்டும் எழுத வேண்டுமானால் அது அடங்கிய தொகுதி முழுவதையும் முதலில் வெறுமையாக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் விதி. காலக்கணக்கிலும் இந்த ஏற்றத்தாழ்வு தெளிவாகத் தெரிகிறது: ஒரு பக்கத்தைப் படிக்கச் சில பத்து மைக்ரோவினாடிகள் போதும், எழுத நூற்றுக்கணக்கான மைக்ரோவினாடிகளோ அதற்கு மேலோ ஆகும், ஒரு தொகுதியை அழிக்கவோ சில மில்லிவினாடிகள் பிடிக்கும்.

பழைய திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்பே ஓலையையும் எழுத்தாணியையும் கையில் எடுத்தனர். மணலில் ஓர் எழுத்து பிழையானால் உள்ளங்கையால் நிரவிவிட்டு அதே இடத்தில் திரும்ப எழுதலாம். ஓலையில் கீறியது கீறியதுதான். காந்த வட்டு மணலைப் போன்றது, ஃபிளாஷ் ஓலையைப் போன்றது என்று கொண்டால் பெரும்பகுதி விளங்கிவிடும். ஏடு சிதையத் தொடங்கியதும் அதில் வேண்டிய பாடங்களை மட்டும் புதிய ஓலைக்குப் பெயர்த்தெழுதிவிட்டுப் பழையதைக் கழித்துக்கட்டிய மரபும், பின்னர் விளக்கப்படவிருக்கும் ஒரு பணிக்கு நெருங்கிய உறவுடையது. ஒப்புமை ஓரிடத்தில் மட்டும் முறிகிறது: கழித்த ஓலை மீண்டும் புத்தோலை ஆவதில்லை, ஃபிளாஷ் தொகுதியோ அழித்தால் மீண்டும் வெற்றேடாகிறது, அதுவும் ஓர் எண்ணிக்கைவரை மட்டும்.

அந்த எண்ணிக்கையே தேய்மானம் எனப்படுவது. ஒவ்வோர் அழிப்பும் எழுத்தும் எலெக்ட்ரான்களைச் சிறைவைக்கும் மின்கடத்தாப் படலத்தைச் சிறிது சிதைக்கிறது. செல் எனப்படும் சிற்றறையில் ஒரே ஒரு பிட்டை வைக்கும் எஸ்எல்சி வகை ஏறத்தாழ ஒரு லட்சம் அழிப்புகளைத் தாங்கும் என்பது வழக்கமான மதிப்பீடு. அதே அறையில் மின்னேற்றத்தின் எட்டு நிலைகளைப் பிரித்தறிந்து மூன்று பிட்களை வைக்கும் டிஎல்சி வகை சில ஆயிரம் அழிப்புகளோடும், பதினாறு நிலைகளைப் பிரித்து நான்கு பிட்களை வைக்கும் கியூஎல்சி வகை ஏறக்குறைய ஆயிரத்தோடும் களைத்துவிடுகின்றன. விலை குறைந்து கொள்ளளவு பெருகியதற்கு ஈடாக ஆயுள் சுருங்கியது. ஆகவே வீண் எழுத்தைத் தவிர்ப்பது வேகத்துக்காக மட்டுமன்றிச் சாதனத்தின் உயிருக்காகவும் வேண்டியதாயிற்று.

நடிப்புக்குத் திரும்பலாம். மேலெழுத முடியாத ஊடகத்தை மேலெழுதக்கூடிய வட்டாகக் காட்டும் மென்பொருள் சாதனத்தின் உள்ளேயே, கட்டுப்படுத்தி என்னும் செயலியில் இயங்குகிறது. அதற்குப் பெயர்ப்பு அடுக்கு என்று பெயர். இஸ்ரேலைச் சேர்ந்த எம்-சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் அமீர் பான் இதற்குப் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 1995-ஆம் ஆண்டுக்குரியது. அதன் செயல்முறை எளியது: இயங்குதளம் நூறாம் கட்டத்தில் எழுதச் சொன்னால், பெயர்ப்பு அடுக்கு வெறுமையாக உள்ள ஏதோ ஒரு பக்கத்தில் அதை எழுதி, நூறாம் கட்டம் இப்போது இன்ன பக்கத்தில் இருக்கிறது என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். நூறாம் கட்டத்தில் மறுமுறை எழுதச் சொன்னால் வேறொரு வெற்றுப் பக்கத்தில் எழுதி, அட்டவணையைத் திருத்தி, பழைய பக்கத்தைச் செல்லாது என்று அடையாளமிடும். அந்தப் பழைய பக்கம் செல்லாக் காசுபோல இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்; அதன் தொகுதி அழிக்கப்படும் வரை அதற்கு விடிவில்லை.

அட்டவணையின் பருமனே முதல் சிக்கல். 4 கிலோபைட்டுக்கு ஒரு வரி, வரிக்கு 4 பைட் என்று வைத்தால் ஒரு டெராபைட் சாதனத்துக்கு ஏறத்தாழ 25 கோடி வரிகளும், அவற்றைத் தாங்க ஒரு ஜிகாபைட் அளவுள்ள டிராம் நினைவகமும் தேவைப்படும். கொள்ளளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு டிராம் என்ற விகிதம் இத்துறையில் வாய்ப்பாடு போலவே வழங்குகிறது. பக்கத்துக்கு ஒரு வரி என்பதை விட்டுத் தொகுதிக்கு ஒரு வரி வைத்தால் அட்டவணை நூற்றுக்கணக்கான மடங்கு சுருங்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது ஒரு பக்கத்தை மாற்றக்கூட அந்தத் தொகுதி முழுவதையும் நகலெடுக்க வேண்டியிருக்கும் என்பதால், சிறு சிறு எழுத்துகள் நிறைந்த இன்றைய பயன்பாட்டுக்கு அது ஒத்துவராது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆயுஷ் குப்தா முதலியோர் 2009-இல் வெளியிட்ட டிஎஃப்டிஎல் என்னும் முறை நடுவழி ஒன்றைக் காட்டியது: முழு அட்டவணையையும் ஃபிளாஷிலேயே வைத்துவிட்டு, அடிக்கடி வேண்டப்படும் வரிகளை மட்டும் சிறு விரைவு நினைவகத்துக்குக் கொண்டுவருவது. டிராம் இல்லாமல் விற்கப்படும் மலிவான சாதனங்கள் கணினியின் நினைவகத்திலேயே ஒரு சிறு பகுதியைக் கடன் வாங்கி அதில் இவ்வரிகளை வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் பின்னர், எஸ்எஸ்டியும் கணினியும் பேசிக்கொள்ளும் முறையை வகுக்கும் என்விஎம்இ தர விதிகளில் இடம்பெற்றது.

இரண்டாம் சிக்கல் குப்பை சேகரிப்பு எனப்படுவது. சொற்பொழிவின் மையமும் அதுவே. வெற்றுப் பக்கங்கள் தீரத்தொடங்கும்போது பெயர்ப்பு அடுக்கு ஒரு தொகுதியைத் தேர்ந்தெடுத்து, அதில் இன்னும் செல்லுபடியாகும் பக்கங்களை வேறிடத்துக்குப் பெயர்த்தெழுதிவிட்டு, தொகுதியை அழித்து, வெறுமையாக்கிக்கொள்கிறது. பயனர் கேட்காத இந்தப் பெயர்த்தெழுத்தே வீண்செலவு. பயனர் ஒரு பங்கு எழுதச் சொன்னதற்குச் சாதனம் உள்ளுக்குள் மொத்தம் எத்தனை பங்கு எழுதுகிறது என்ற விகிதம் எழுத்துப் பெருக்கம் என்று பெயர்பெறும். ஆங்கிலத்தில் ரைட் ஆம்ப்ளிஃபிகேஷன் எனப்படுவது இதுவே. கணக்கு மிக எளிது. தேர்ந்தெடுத்த தொகுதியில் பாதிப் பக்கங்கள் செல்லுபடியாகுமானால், பாதியைப் பெயர்த்தெழுதி மீதிப் பாதியில் புதியதை எழுதலாம், பெருக்கம் 2. ஐந்தில் நான்கு பங்கு செல்லுபடியாகுமானால் நான்கு பங்கைப் பெயர்த்தெழுதியே ஒரு பங்குக்கு இடம் கிடைக்கும், பெருக்கம் 5. பத்தில் ஒன்பது பங்கு என்றால் பெருக்கம் 10. தொகுதியின் பக்கங்கள் அனைத்தும் செல்லாதவையாக இருந்தால் பெயர்த்தெழுத ஒன்றுமில்லை. பெருக்கம் 1, அதாவது வீண்செலவு சுழியம். செல்லும் பக்கமும் செல்லாப் பக்கமும் ஒரே தொகுதிக்குள் கலந்து கிடப்பதே நோய் என்பதும், அவை கலக்காமல் பார்த்துக்கொள்வதே மருந்து என்பதும் இக்கணக்கிலிருந்தே விளங்கும்.

ஆயிரம் அழிப்புகளைத் தாங்கும் ஒரு டெராபைட் சாதனம் கோட்பாட்டளவில் ஆயிரம் டெராபைட் எழுத்தைத் தாங்க வேண்டும். பெருக்கம் 4 ஆனால் பயனருக்குக் கிடைப்பது 250 டெராபைட் மட்டுமே, எஞ்சிய 750-ஐச் சாதனம் தன் வீட்டு வேலைக்கே செலவிட்டுவிடுகிறது. இதைத் தணிக்கப் பயனருக்குக் காட்டாமல் கொஞ்சம் இடத்தை ஒதுக்கிவைப்பது பழைய வழி. இதை மிகையொதுக்கீடு என்பர். 256 ஜிகாபைட் என்று விற்கப்படும் சாதனத்தில், இரண்டின் அடுக்குகளாக எண்ணப்படும் சில்லுகளின் கொள்ளளவுக்கும் பத்தின் அடுக்குகளாக எண்ணப்படும் விற்பனைக் கொள்ளளவுக்கும் உள்ள வேறுபாடே 7 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால், அந்த இடைவெளி அப்படியே ஒதுக்கீடாகிவிடுகிறது. கடும் பயன்பாட்டுக்கான சாதனங்களில் 28 விழுக்காடுவரை ஒதுக்குவதும் உண்டு. காலி வீடுகள் மிகுந்த தெருவில் குடிமாற்றம் எளிது என்பதுபோல் இதுவும் பயனளிக்கிறது. ஆனால் அந்தக் காலி வீடுகளுக்கும் வாங்கியவரே விலை கொடுத்திருக்கிறார்.

எந்தத் தொகுதியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு, செல்லாப் பக்கங்கள் மிகுந்ததைத் தேர்ந்தெடுப்பது என்பதே எவருக்கும் உடனே தோன்றும் விடை. இந்த விடை போதாது என்பது ஃபிளாஷ் சேமிப்பகங்கள் பரவுவதற்கு முன்பே, காந்த வட்டுகளை வைத்து நடந்த ஓர் ஆராய்ச்சியில் வெளிப்பட்டது என்பது இத்துறை வரலாற்றின் சுவையான பகுதி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மெண்டல் ரோசன்ப்ளமும் ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் 1991-இல் வெளியிட்ட கோப்பு முறைமை, எதையும் மேலெழுதாமல் எல்லாவற்றையும் நாட்குறிப்புபோல வரிசையாக எழுதிக்கொண்டே செல்வது. ஆகையால் அதற்கும் துப்புரவுப் பணி வேண்டியிருந்தது. தரவில் சில பகுதி அடிக்கடி மாறுவதாகவும் பெரும்பகுதி மாறாமல் கிடப்பதாகவும் இருந்தால் துப்புரவு எளிதாகும் என்று அவர்கள் எதிர்பார்த்தனர். பாவனைச் சோதனையோ நேர்மாறான முடிவைத் தந்தது: எல்லாத் தரவும் ஒரே சீராக மாறும் நிலையைவிட இந்நிலையில் செலவு கூடியது.

காரணத்தை அவர்கள் தேடிக் கண்டனர். மாறாமல் கிடக்கும் குளிர்ந்த தரவு நிறைந்த பகுதிகளில் செல்லா இடம் மிக மெல்லவே சேர்கிறது. அவை தேர்ந்தெடுக்கப்படும் வரம்புக்குச் சற்று மேலேயே நெடுங்காலம் தங்கி, சிறுகச் சிறுகப் பெருமளவு வெற்றிடத்தை முடக்கிவைக்கின்றன. அடிக்கடி மாறும் சூடான தரவு உள்ள பகுதியிலோ, இன்னும் சற்றுப் பொறுத்திருந்தால் எஞ்சிய பக்கங்களும் தாமாகவே செல்லாதவையாகியிருக்கும். அவசரப்பட்டுத் துப்புரவு செய்வதால், அடுத்த கணம் மடியவிருந்த பக்கத்தையும் சுமந்து சென்று வேறிடத்தில் எழுத நேர்கிறது. எனவே கிடைக்கும் வெற்றிடத்தோடு தரவின் வயதையும் பெருக்கிப் பார்த்து, ஆகும் செலவால் வகுத்துத் தேர்ந்தெடுக்கும் விதியை அவர்கள் வகுத்தனர். குளிர்ந்த பகுதியில் கொஞ்சம் இடமே கிடைத்தாலும் அது நெடுநாள் நிலைக்கும் என்பதால் மதிப்பு மிகுந்தது என்பதே அதன் நியாயம். விதி மாறியதும் பகுதிகள் ஏறத்தாழ நிறைந்தவை, ஏறத்தாழ வெறுமையானவை என்று இரு சாராராகப் பிரிந்தன; துப்புரவின் செலவும் குறைந்தது. 1995-இல் ஜப்பானிய ஆய்வாளர்களான கவாகுச்சி, நிஷியோகா, மோட்டோடா ஆகியோர் இதையே ஃபிளாஷுக்குப் பொருத்தினர். இதன்பின் வந்த எண்ணற்ற தேர்வு விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கருத்தின் நுண்திருத்தங்களே என்று சொன்னால் மிகையாகாது.

தேய்மானத்தைச் சமன்செய்வது தனித்ததொரு பணி. நெடுநாள் அசையாத தரவு தங்கியிருக்கும் இளமையான தொகுதிகளையும் பயன்பாட்டுக்குக் கொண்டுவர, அத்தரவை வேண்டுமென்றே இடம்பெயர்க்க வேண்டியிருப்பதால் இதுவும் எழுத்துப் பெருக்கத்தைக் கூட்டுகிறது என்பதைக் குறிப்பிட்டு மேலே செல்லலாம்.

வேகத்தைப் பற்றிய பேச்சில் சராசரி ஏமாற்றும். ஒரு படிப்புக் கட்டளை, அழிப்பு நடந்துகொண்டிருக்கும் சில்லில் வந்து விழுந்தால், சில பத்து மைக்ரோவினாடிகளில் முடியவேண்டியது சில மில்லிவினாடிகள் காத்திருக்கும். ஆயிரம் கட்டளைகளில் சிலவற்றுக்கே இது நேர்வதால் சராசரியில் தெரியாது. ஆனால் கூகுளின் ஜெஃப்ரி டீனும் லூயிஸ் ஆந்த்ரே பரோசோவும் 2013-இல் எழுதிய கட்டுரையில் காட்டியபடி, ஒரு வேண்டுகோள் நூறு கணினிகளுக்குப் பிரித்தனுப்பப்பட்டு, ஒவ்வொன்றும் நூற்றில் ஒருமுறை மட்டுமே தாமதித்தாலும், வேண்டுகோள்களில் 63 விழுக்காடு தாமதமாகவே முடியும். எல்லா விடைகளும் வந்துசேரும் வரை காத்திருக்க வேண்டும் என்பதே காரணம். அழிப்பை இடையில் நிறுத்திப் படிப்புக்கு வழிவிட்டுப் பின் தொடரும் வசதியைச் சில்லுகளில் சேர்த்ததும், துப்புரவைச் சிறு துண்டுகளாக்கியதும் இதன் பொருட்டே. எனினும் துப்புரவு குறைந்தாலன்றி இந்தத் தாமதத்தின் வேர் அறாது.

இதுவரை கூறியவை சாதனம் தனக்குள்ளேயே செய்துகொள்ளும் சாமர்த்தியங்கள். அவற்றுக்கு ஓர் எல்லை உண்டு, ஏனெனில் சாதனத்துக்குத் தெரியாத செய்திகள் பல. பயனர் ஒரு கோப்பை நீக்கும்போது கோப்பு முறைமை தன் குறிப்பேட்டில் அந்த இடங்களைக் காலி என்று குறித்துக்கொண்டதே தவிர, தொடக்கத்தில் சாதனத்துக்கு ஒன்றும் சொன்னதில்லை; காந்த வட்டுக்கு அதைச் சொல்ல வேண்டிய தேவையே இருந்ததில்லை. இதனால் நீக்கப்பட்ட திரைப்படமொன்றின் பக்கங்களையெல்லாம் உயிருள்ளவையாகக் கருதி, எஸ்எஸ்டி அவற்றைத் தொகுதிக்குத் தொகுதி பொறுப்போடு சுமந்து திரிந்தது. புதிதாக வாங்கியபோது விரைந்தோடிய முதல் தலைமுறைச் சாதனங்கள் சில மாதங்களில் மந்தமானதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னின்ன கட்டங்கள் இனி வேண்டாதவை என்று இயங்குதளம் சாதனத்துக்கு அறிவிக்கும் டிரிம் என்னும் கட்டளை இக்குறையைப் போக்கியது. 2009-இல் விண்டோஸ் 7 பதிப்பும், 2010-இல் லினக்ஸ் 2.6.33 பதிப்பும் இதை ஏற்றன.

ஒற்றை வரிச் செய்தியால் விளைந்த இந்த நன்மை, உள்ளே எத்தனை நுட்பமான விதிகளைப் புகுத்தினாலும் விளைந்திருக்காது என்பது சிந்திக்கத்தக்கது. காந்த வட்டுக்கால வழக்கங்கள் இங்கே எவ்வாறு தலைகீழாகின்றன என்பதற்கும் சான்றுகள் உள. சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்த்து அடுக்கும் டிஃபிராக் பணி வட்டுக்கு மருந்தாக இருந்தது. நகரும் முள் இல்லாத எஸ்எஸ்டியில் அதனால் கிடைக்கும் பயன் சிறிது, தேய்மானமோ உறுதி. இரகசியக் கோப்பின் மேல் பலமுறை எழுதினால் அது அழிந்துவிடும் என்ற பழைய நம்பிக்கையும் இங்கே பொய்க்கிறது; மேலெழுதுவதாகக் காட்டும் பெயர்ப்பு அடுக்கு புதியதை வேறிடத்தில் எழுதிவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவிடும் என்பதைச் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் சில்லுகளையே நேரடியாகப் படித்துக் காட்டினர்.

டிரிம் கட்டளை ஒரு தரவு இறந்துவிட்டதைத்தான் சொல்லும், இறக்கப்போவதைச் சொல்லாது. எழுதும்போதே எவையெவை ஒன்றாக இறக்கும் என்று தெரிந்தால் அவற்றை ஒரே தொகுதியில் சேர்த்து வைக்கலாம், தொகுதி முழுவதும் ஒருசேரச் செல்லாததாகும், பெயர்த்தெழுத்தே வேண்டியிராது. இதை அறிந்தவர் மேலே இருக்கும் மென்பொருளே. தற்காலிகக் கோப்பையும் நிரந்தர ஆவணத்தையும் அது வேறுபடுத்தி அறியும். சாதனத்துக்கோ இரண்டும் 4 கிலோபைட் பொட்டலங்கள்தாம். சாம்சங் நிறுவனத்தின் முயற்சியில் உருவாகி 2013-இல் லினக்ஸில் சேர்ந்த எஃப்2எஃப்எஸ் கோப்பு முறைமை, தரவைச் சூடு, வெதுவெதுப்பு, குளிர்ச்சி என்று பிரித்து ஆறு தனித்தனி வரிசைகளில் எழுதுகிறது. ஆனால் அந்த ஆறு வரிசைகளும் சாதனத்தின் வாயிலை அடைந்ததும் ஒன்றாகக் கலந்துவிடக்கூடும் என்பதுதான் பரிதாபம். தரவுத்தளம் தன் மட்டத்தில் நாட்குறிப்பாக எழுதித் துப்புரவு செய்ய, அதன் கீழே கோப்பு முறைமையும் அவ்வாறே செய்ய, அதன் கீழே பெயர்ப்பு அடுக்கும் அதையே செய்ய, ஒன்றையொன்று அறியாத மூன்று துப்புரவாளர்கள் ஒரே வீட்டைப் பெருக்குவதுபோலாகிறது. ஒருவர் ஒதுக்கிய குவியலை மற்றவர் கலைக்கிறார். நாட்குறிப்பின் மேல் நாட்குறிப்பை அடுக்காதே என்ற கருத்துப்படத் தலைப்பிட்டு 2014-இல் சான்டிஸ்க் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரையே எழுதினர்.

அதே 2014-இல் சாம்சங் ஆய்வாளர்கள் பல்லோடை முறையை முன்வைத்தனர். எழுத்துக் கட்டளையோடு ஓர் ஓடை எண்ணையும் இயங்குதளம் அனுப்பும். ஒரே எண் கொண்டவை ஏறத்தாழ ஒரே காலத்தில் மடியும் என்று பொருள். சாதனம் அவற்றைத் தனித் தொகுதிகளில் எழுதும். எண்ணுக்கு வேறு பொருள் ஏதுமில்லை என்பதே இதன் அழகு: இத்தரவு இத்தனை நாள் வாழும் என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை, இவையிரண்டும் ஓரினம் என்று சொன்னால் போதும்.

இதைவிடத் துணிந்த வழி, நடிப்பையே கைவிடுவது. திறந்த வாய்க்கால் சாதனங்கள் என்று பெயர்பெற்றவை, சில்லுகளின் உள்ளமைப்பை இயங்குதளத்துக்கே காட்டிப் பெயர்ப்பு அடுக்கின் பெரும்பகுதியை அதன் தலையில் வைத்தன. லைட்என்விஎம் என்ற பெயரில் 2016-இல் லினக்ஸ் இதை ஏற்றது. ஒவ்வொரு தலைமுறைச் சில்லின் குணத்துக்கும் ஏற்பக் கணினி மென்பொருளைத் திருத்த வேண்டியிருந்தமையால் இது நிலைக்கவில்லை, 2021-இல் நீக்கப்பட்டது. அதன் வாரிசாக 2020-இல் என்விஎம்இ தரத்தில் சேர்ந்ததே மண்டலப் பெயர்வெளி, சுருக்கமாக இசட்என்எஸ். இதன்படி சேமிப்பகம் பெரும் மண்டலங்களாகப் பிரிக்கப்படும். ஒரு மண்டலத்துக்குள் தொடக்கத்திலிருந்து வரிசையாக மட்டுமே எழுதலாம். மேலெழுத வேண்டுமானால் மண்டலம் முழுவதையும் மீட்டமைக்க வேண்டும். ஃபிளாஷின் இயல்பை ஒளிக்காமல், சில்லின் நுணுக்கங்களை மட்டும் மறைக்கும் இவ்வேற்பாட்டில் சாதனம் தன் விருப்பில் துப்புரவு செய்வதில்லை. அட்டவணை பன்மடங்கு சுருங்குகிறது, மிகையொதுக்கீட்டுக்கும் பெருமளவில் தேவையில்லாமற்போகிறது. மத்தியாஸ் ப்யோர்லிங் முதலியோர் 2021-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, பழைய கட்ட நடைமுறையைப் பேணுவதால் ஆகும் இச்செலவுகளை ஒரு வரி என்றே பெயரிட்டழைத்தது.

இசட்என்எஸ் கோட்பாட்டளவில் குறைசொல்ல முடியாதது. நடைமுறையில் அது கேட்கும் விலைதான் பெரிது. ராக்ஸ்டிபி போன்று இயல்பாகவே வரிசையாக எழுதும் தரவுத்தளங்களுக்கு அது கையுறைபோலப் பொருந்தினாலும், கண்ட இடத்தில் எழுதிப் பழகிய மென்பொருள்கள் அனைத்தையும் திருத்தியெழுதினாலன்றி அச்சாதனத்தை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. கூகுளும் மெட்டாவும் தனித்தனியே எண்ணிய தீர்வுகள் இணைந்து, 2022-ஆம் ஆண்டின் இறுதியில் நெகிழ்வுத் தரவு இடஅமைவு, அதாவது எஃப்டிபி என்னும் பெயரில் தரமாயின. இதில் எழுத்துக் கட்டளையோடு ஓர் இட அடையாளம் செல்லும். ஓர் அடையாளத்தின்கீழ் வருபவை, ஒருசேர அழிக்கத்தக்க ஒரு பெரும் அலகில் சேர்த்து வைக்கப்படும். எந்த அலகில் எவ்வளவு இடம் எஞ்சியிருக்கிறது, சாதனம் தானாக எதையேனும் பெயர்த்தெழுதியதா என்பன போன்ற செய்திகளும் திரும்பக் கிடைக்கும். அடையாளம் அனுப்பாத பழைய மென்பொருளுக்கு அதே சாதனம் சாதாரண எஸ்எஸ்டியாகவே நடந்துகொள்ளும். கோட்பாட்டின் தூய்மையில் இது இசட்என்எஸ்ஸுக்கு ஒரு படி கீழே என்றாலும், பயன்பாட்டுக்கு வரும் வாய்ப்பில் மேலே. பல்லோடை முறையோடு ஒப்பிட்டால், பேச்சு இருவழிப்பட்டது என்பதே இதன் தனிச்சிறப்பு.

எஞ்சியிருக்கும் இடர்ப்பாடு சாதனத்திலும் இல்லை, தரவிதியிலும் இல்லை. இரண்டுக்கும் மேலே இருக்கிறது. ஒரு கோப்பின் ஆயுளை மென்பொருள் முன்கூட்டிச் சொல்வதற்காக லினக்ஸ் 4.13 பதிப்பு 2017-இல் ஒரு வசதியை அளித்தது. குறுகியது, நடுத்தரம், நீண்டது, மிக நீண்டது என்று நான்கு சொற்களில் ஒன்றை மென்பொருள் தேர்ந்தெடுக்கலாம். அச்சொற்களுக்குத் தனிப்பட்ட அளவு ஏதுமில்லை, ஒன்றோடொன்று ஒப்பிட்டே பொருள்கொள்ள வேண்டும் என்று விளக்கக் குறிப்பு கூறுகிறது. ஒரு தரவுத்தளத்துக்கு நீண்டதாகத் தோன்றும் ஒரு மணிநேரம், அதே கணினியில் இயங்கும் காப்புப்படி மென்பொருளுக்கு மிகக் குறுகியது. இரண்டும் ஒரே சாதனத்தில் எழுதினால் இச்சொற்கள் ஒன்றையொன்று குழப்பத்தான் செய்யும். பயன்படுத்திய மென்பொருள்களும் ஏற்ற சாதனங்களும் மிகச் சிலவாகவே இருந்தமையால், என்விஎம்இ சாதனங்களுக்கு இந்த ஆயுட்குறிப்பை ஓடைகளாகக் கொண்டுசேர்த்த நிரல்பகுதி 2022 மே மாதம் வெளிவந்த லினக்ஸ் 5.18 பதிப்பில் நீக்கப்பட்டது. ஏறத்தாழ அதே செய்தியைச் சாதனத்துக்கு எடுத்துச் செல்லும் எஃப்டிபி தரம் ஏற்கப்பட்டது அதே ஆண்டின் இறுதியில்.